விற்பதற்கு முன் ஒரு வருடம்: நம் வீட்டுப் பங்காளிகளுக்குத் திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

சென்னை, கோவை, கோலாலம்பூர், டல்லாஸ் என்று பிரிந்து கிடக்கும் உங்களுக்கு இதை வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கலாம். போட்டால் நாலு கும்பிடு பொம்மையோடு விஷயம் முடிந்துபோகும். அதோடு, காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு வளவில், அதாவது பங்காளிகள் பலருக்குப் பொதுவான பூர்வீக வீட்டில், விற்பதா வைத்திருப்பதா என்ற இதே பேச்சுதான். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குக் கூடியிருந்தபோது வீட்டை விற்கும் பேச்சு வந்தது. முழு வீடாக வாங்க ஆள் கிடைக்காவிட்டால் நிலை, தூண், உத்தரம் என்று பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் மறுத்ததும் ஒரு சித்தப்பா கேட்டார்: "உன் மகளே வீடு வாசல் இல்லாமப் படகுல குடியிருக்கா. நீ எங்களுக்கு வீட்டைப் பத்திச் சொல்றியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பந்தி கவனிக்கப் போய்விட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

ஆமாம், மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு பக்கம், தேம்ஸ் ஆற்றங்கரைப் படகுத்துறை ஒன்றில் குடியிருக்கிறார்கள். போன வருடம் குளிர் தொடங்கும் நேரத்தில் நானும் என் மனைவியும் போய்த் தங்கிவிட்டு வந்தோம். படகு 57 அடி நீளம், 6 அடி 10 அங்குலம் அகலம். அந்த நாட்டுக் கால்வாய்களில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மதகுகள் (படகை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) பலவும் ஏழடி அகலம்தான். அதற்குள் நுழைய வேண்டுமே என்று இந்த வகைப் படகையே ஒடுக்கமாகக் கட்டுகிறார்கள். அந்த ஒடுக்கத்துக்குள் அடுப்படி, குளியலறை, படுக்கை எல்லாம் வரிசையாக. "இதுல எப்படிம்மா இருக்கீங்க?" என்றுதான் நானும் முதலில் கேட்டேன். அப்புறம் நம் ஐயாக்கள் நினைவுக்கு வந்தார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன இடத்தில், ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், கிட்டங்கி என்ற பொதுத் தொழிற்கூடத்தின் நீளக் கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே பாய். அந்தப் பாயில் படுத்து எழுந்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இங்கே பர்மாத் தேக்கில் தூண் நின்றது. ஆகவே இடம் போதாது என்று நம் ஆட்கள் சிரிக்கக் கூடாது.

படகு வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. குளிரில் ஜன்னல் கண்ணாடி வேர்த்து வழிகிறது. கழிவறைப் பெட்டி நிறைந்தால் மாப்பிள்ளையே அதை உருட்டிக்கொண்டுபோய்த் துறையின் ஓரத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவி வர வேண்டும். (என் மனைவிக்கு இது கடைசிவரை சரிப்படவில்லை.) படகை நிறுத்த இடம் கிடைத்தாலும் பல துறைகளில் அதில் நிரந்தரமாகக் குடியிருக்க விடமாட்டார்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எனக்குப் பிடித்துப்போனது அவர்கள் படகைப் பார்த்துக்கொள்ளும் விதம். இரும்புப் படகு, தண்ணீரிலேயே கிடக்கும் இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, தார்ப்பூச்சு அடிக்கிறார்கள். தண்ணீருக்குக் கீழே படகின் பக்கவாட்டில் மெக்னீசியக் கட்டிகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். அரிப்பு இரும்பை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டியைத் தின்னுமாம். கழற்றிப் போட்ட பழைய கட்டி ஒன்றை மாப்பிள்ளை காட்டினார். பாதிக்குமேல் கரைந்து, குழி குழியாக இருந்தது. இன்ஜினை நிறுத்தியதும் பின்பக்கப் பலகையைத் தூக்கி ஒரு பித்தளைத் திருகை இறுகும்வரை திருகுவார். புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற வழியில் கிரீஸ் ஏறி, கசிவை அடைக்கும். ஒரு நிமிட வேலைதான். மறந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே சேரும். இதுபோக, நாலு வருடத்துக்கு ஒருமுறை எரிவாயுக் குழாய், மின்கம்பி, காற்றுப்போக்கு எல்லாம் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஆற்றில் படகு வைத்துக்கொள்ள உரிமம் கிடையாது.

அந்தத் துறையில் படகு அவரவர் சொந்தம். மிதவை நடைபாதை, தண்ணீர்க் குழாய், மின்சார இணைப்பு எல்லாம் பொது. பொதுச் செலவுக்குப் படகின் நீளத்தை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணம். உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கேயே குடியிருக்கிறார். மழை பலத்து ஆற்றில் இழுப்பு அதிகமானால் மதகுகளில் சிவப்புப் பலகை வைப்பார்கள். படகை அவிழ்க்க வேண்டாம் என்று எச்சரிக்கை. அப்படி ஒரு நாளில் அவர் நனைந்துகொண்டே ஒவ்வொரு படகின் கயிற்றையும் இழுத்துப் பார்த்தார், பூட்டிக் கிடந்த படகுகளையும் சேர்த்து.

நம் வீட்டில்? அறைகள் அவரவர் பங்கு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவரவர் பூட்டைத்தான் இழுத்துப் பார்க்கிறீர்கள். கூரையும் முற்றமும் கைப்பிடிச்சுவரும் பொது. பொது என்றால் யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது. இரண்டாம் கட்டுக் கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று இடுப்புயரம் நிற்கிறது. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பில் ஓட்டுச்சில்லும் புறா எச்சமும் அடைத்து, போன ஐப்பசி மழையில் தண்ணீர் முற்றத்தைச் சுற்றியுள்ள பத்திக்கு ஏறிவிட்டது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. பின்கட்டு நிலையில் கறையான் மண் ஏறியிருக்கிறது, தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்கிறது. நாளைக்கு மரம் வாங்க வருகிறவரும் இதைத் தட்டிக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்.

என் யோசனை இதுதான். யாருக்கு எத்தனை அறையோ அந்தக் கணக்கில் வருடத்துக்கு ஒரு தொகை. எவ்வளவு என்பதைக் கொத்தனாரையும் தச்சரையும் வைத்து மதிப்புப் போட்டபின் பேசுவோம். இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு. ஆடியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை கூரையேறிப் பார்த்து, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பின்கட்டில் நம்பிக்கையான ஒரு குடும்பத்தை வாடகை வாங்காமல் குடிவைக்கலாம். கட்டாதவர் பாக்கி அவர் பங்கின் மேல் ஏறட்டும், விற்கும்போது கழித்துக்கொள்வோம். இதில் நமக்குப் புதிது என்ன இருக்கிறது? ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி, என்றால் கடல் தாண்டி இருந்தாலும் கட்டிவிடுகிறோம். இந்த வருடம் கோயிலுக்குப் போனோமா இல்லையா என்று பார்த்தா கட்டுகிறோம்?

ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குச் செலவு என்பீர்கள். பூட்டிய படகுக்கும் கயிறு வேண்டியிருக்கிறது, சித்தப்பா. கானாடுகாத்தானில் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக ஓடுவதை நீங்களே பார்க்கிறீர்கள். அதையெல்லாம் இப்போது நான் கேட்கவில்லை. ஒரு வருடம் இப்படி நடத்திப் பார்ப்போம். சரிவராவிட்டால் விற்பனைப் பத்திரத்தில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

ஆடிக்குள் எல்லோரும் பதில் சொல்லுங்கள். தூம்பு அடைப்பை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தக் கூலியைக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முகப்பை ஒட்டிய அறைக்காரன்