மான் வேட்டைத் தோட்டாக்கள்: விடுபட்ட எச்சரிக்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

மான் வேட்டைக்கான ரைஃபிள் தோட்டாக்களை ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது உள்ள ஆற்றலை மட்டும் வைத்துத் தரம் பிரித்திருக்கிறது. வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளில் முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு இந்த வரிசை உதவாது.

.308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் சுருக்கி 1955-இல் வந்த தோட்டாதான் .243. இது 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 2,960 அடி வேகத்தில் செலுத்தும்; .308-இல் 150 கிரெய்ன் குண்டு சுமார் 2,820 அடி. ஆற்றல் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஒரே எடையுள்ள ரைஃபிளில், சுடும்போது தோளில் விழும் உதையோ ஒன்றரை மடங்குக்கு மேல். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும்போதே தோளை முன்னால் தள்ளுவார். நெஞ்சுக்கு வைத்த குறி தப்பிவிடும். ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினில், மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றைக் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த நொடியில் குழல் முனை தாழ்வது கண்ணுக்கே தெரியும்.

அதற்காக .243-இல் எந்தக் குண்டும் ஆகும் என்பதில்லை. சிறு விலங்குகளுக்கான 55, 58 கிரெய்ன் குண்டுகள் தோள்பட்டை எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, நுரையீரலை எட்டாமல் போகலாம். மானுக்கு, உலோக உறையோடு ஈயம் பிணைக்கப்பட்ட 90 முதல் 100 கிரெய்ன் வரையிலான குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு வேண்டும். செம்பில் ஈயத் துகள் இறைச்சியில் கலக்கும் கவலை இல்லை. ஆனால் வேகம் குறைந்தால் அது விரியாது. ஆகவே தொலைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குண்டை மாற்றினால், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் குண்டு காற்றில் குறைவாக விலகும், உண்மைதான். 200 கஜத்துக்குள் அந்த வித்தியாசம் மானுக்குத் தெரியப்போவதில்லை.

1895-இல் வந்த .30-30 தோட்டாவைக் கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. 150 கஜத்துக்குள் அது இன்றும் போதும். ஆனால் அதைச் சுடும், நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள்கள் பலவற்றில் மேகசின் குழாய் வடிவில் இருக்கும். ஒரு குண்டின் மூக்கு, முன்னிருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள, தட்டினால் தீப்பற்றும் பிரைமரில் அழுந்தி நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டால் உதையின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டை மூக்குக் குண்டு, அல்லது இவற்றுக்கென்றே செய்த மென்முனைக் குண்டு மட்டும்தான் போட வேண்டும். இந்த ஒன்றையாவது அடுத்த இதழில் தனியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்