மூன்று மாதமாக உளி தீட்டும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

ஜப்பானில், கோபேயில் நீ போகும் சனிக்கிழமை தச்சு வகுப்பில் மூன்று மாதமாக உளி தீட்டத்தான் சொல்கிறார்கள், நின்றுவிடலாமா என்று போனில் கேட்டாய். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நிற்காதே.

போன வருஷம் நான் அங்கே வந்தபோது நாராவுக்குப் பக்கத்தில் ஹொர்யூஜி கோயிலுக்குக் கூட்டிப்போனாய். ஐந்தடுக்குக் கோபுரத்தின் முன்னால் பேசாமல் நின்றேன், எனக்குக் கால்வலியோ என்று உனக்குக் கவலை. கால்வலி இல்லை. நடுத்தூணின் மரம் 594-இல் வெட்டப்பட்டது, வளையங்களை ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நீ படித்துச் சொன்னதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் அங்கிருந்த தூண்களில் ஒட்டுப் போட்ட இடங்களைத்தான் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மக்கிய பகுதியை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, புது மரத்தை அந்தப் பள்ளத்துக்கு அளவாக வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். ரேகை கூட ஒரே பக்கமாக ஓடியது.

ஜப்பானியர்கள் ஆணியே அடிக்காமல் கட்டுவார்கள் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. அந்தக் கோயிலில் கொல்லர் அடித்த இரும்பு ஆணிகள் இருக்கின்றன. ஆனால் பாரத்தைத் தாங்குவது கழுந்தும் துளையும்தான், ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகுவது. அதனால்தான் 1934-இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பின்போது அந்தக் கோபுரத்தையே பிரித்து, கெட்டதை மாற்றி, மறுபடி கோக்க முடிந்தது. நான் முப்பது வருஷம் வேலை பார்த்த கடையில் பசையும் திருகாணியும் போட்டுக் கட்டில் செய்தோம். கால் ஆடினால் பழுதுபார்க்க வழி கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான். அந்த வேதனை எனக்கு இன்னும் உண்டு.

அந்தக் கோயிலின் தலைமைத் தச்சராக இருந்த நிஷியோகா சுனேகசுவைப் பற்றி ரயிலில் நீ சொன்னதை மறக்கவில்லை. தச்சு வேலைக்கு வரவேண்டிய பேரனை அவருடைய தாத்தா விவசாயப் பள்ளியில் சேர்த்தாராம். மண்ணைத் தெரியாதவனுக்கு மரம் எப்படிப் புரியும்? மலையின் தெற்குச் சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தெற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நாராவில் இருக்கும் யாகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரத்தை அவர் 1981-இல் கட்டி முடித்தபோது, பழைய கிழக்குக் கோபுரத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவே வைத்தார். மரம் பல நூறு வருஷத்தில் பாரத்தால் அமுங்கி, தானே சமமாகும் என்று கணக்கு. தான் பார்க்கப்போகாத நாளுக்காக மட்டம் பார்த்திருக்கிறார், கண்ணம்மா!

அவருடைய சீடர் ஒகாவா மிட்சுவோ சேர்ந்ததும், ஒரு வருஷம் தொலைக்காட்சி வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், கருவியைத் தீட்டு என்று நிஷியோகா சொன்னாராம். இழைப்புளியால் ஒரே ஒரு சுருள் சீவிக் காட்டிவிட்டு, இப்படி வரட்டும் என்று விட்டுவிட்டார். ஒகாவா அந்தச் சுருளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகினார். உனக்கு ஆகியிருப்பது மூன்று மாதம்தானே.

உன் உளியின் அமைப்பையும் கவனி. அந்த ஊர் உளியில் கெட்டியான எஃகு ஒரு தகடுதான், மேலே மெத்து இரும்பு. பின்பக்கம் நடுவில் குழிவாக விட்டிருப்பார்கள், ஓரம் மட்டும் கல்லில் படும். அந்த ஓரம் தட்டையாக இல்லாவிட்டால் முன்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் கூர் நிற்காது. உனக்கு அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கல்லையும் பார். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் முதலில் கல்லைச் சமப்படுத்து.

நாம் புறாவால் என்று சொல்லும் பொருத்துக்கு அங்கே எறும்பு என்று பெயராமே. அதை வெட்டும் நாள் வரும், அவசரப்படாதே.

உனக்குப் பத்து வயதில் என் உளியைக் கேட்டாய். கையை வெட்டிக்கொள்வாய், போய்ப் படி என்று விரட்டினேன். கை வெட்டும் என்பது சாக்குதான். இந்த வேலையில் பட்ட கஷ்டம் உனக்கு வேண்டாம் என்று இருந்தது. அது தப்பு. அப்போதே உன் கையைப் பிடித்துக் கல்லில் வைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

தைக்கு வரும்போது உன் உளியைக் கொண்டுவா. கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வை. தாத்தாவின் சாணைக்கல்லை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அப்பா