பக்கத்துக் கட்டை

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. பங்குனி உத்திரம் நடுவில் வந்துவிட்டது. இந்த வருஷம் நம் வள்ளித் திருமண நாடகத்தில் முருகன் மாறிவிட்டார். அதைச் சொல்லாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. சொல்வதானால் நாடகம் முடிந்த பிறகு சொல்வோம் என்று இருந்தேன். முடிந்தது. கோயில் வாசலில் அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அண்ணனுக்குத் தை மாதமே மூட்டு ஒத்துழைக்கவில்லை. போன வருஷம் கிழவன் வேஷத்தில் தடியை ஊன்றிக்கொண்டு அவர் வந்தபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. தடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது என்பது எனக்கும் வள்ளியாக நடித்த பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது ஏற்காட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். தறியையும் விற்றாகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் வேடன், வேலன், விருத்தன் என்று மூன்று உருவத்திலும் நின்ற மனுஷன். நம் மலையடிவாரத்துச் சின்னப் பிள்ளைகள் முருகன் படத்தைப் பார்த்து, "அம்மாப்பேட்டைத் தாத்தா மாதிரியே இல்லையே" என்று கேட்டதெல்லாம் உனக்கு நினைவிருக்கும்.

விழாக் கமிட்டியில் பேச்சு பல மாதிரி போயிற்று. பாதிப் பேர் நாடகமே வேண்டாம், இன்னிசைக் கச்சேரி வைத்துவிடலாம் என்றார்கள். ஒரு பையன் அண்ணனின் பழைய பாட்டெல்லாம் பென் டிரைவில் இருக்கிறதாம், யாராவது வேஷம் கட்டி வாயசைத்தால் போதும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 1945ல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீவள்ளியில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே? வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு மெய்யப்பச் செட்டியாருக்குப் பிடிக்காமல், பி.ஏ. பெரியநாயகியின் குரலை வாங்கிச் சேர்த்தார்கள். சினிமாவில் அது நடக்கும். நம் மேடையில் வள்ளியும் முருகனும் தர்க்கம் பண்ணும்போது அன்றைக்கு வாயில் வந்ததுதான் வசனம். ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம்கூட நடுவில் வரும். பென் டிரைவ் என்ன பதில் சொல்லும்?

அப்போதுதான் நீ நியூ ஜெர்சிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். நியூயார்க் பிராட்வேயில் ஃபன்னி கேர்ள் என்கிற பாட்டு நாடகம் பார்த்த கதை. 1964ல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடி நடித்தது. 2022 வரை, 58 வருஷம், பிராட்வேயில் யாரும் அதை மறுபடி தொடவில்லை. தொட்ட நடிகையின் குரலைப் பத்திரிகைகள் குறை சொல்ல, அவர் சில மாதத்திலேயே விலகினார். செப்டம்பரில் லியா மிஷெல் வந்தார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நீ போனது வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் ஜூலி பென்கோ என்ற இன்னொரு பெண் பாடுவாராம், அவரைத்தான் பார்த்தாய். "வந்திருந்தவர்கள் எல்லாரும் காதில் வேறொரு பொம்பளையின் குரலைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதையும் மீறி அந்தப் பெண் பாடினாள்" என்று நீ எழுதியிருந்த வரியின் கீழ் அப்போதே கோடு போட்டிருக்கிறேன். நமக்கும் ஒரு வியாழக்கிழமைப் பெண் வேண்டும் என்று தோன்றியது.

கிடைத்தாள். சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறாள். கோயிலில் ஓதுவாரிடம் தேவாரம் கற்றவள். இருபத்துமூன்று வயது. பெண்ணா முருகன் என்று முதலில் முனகியது வேறு யாருமில்லை, நான்தான். பிறகு என் புத்தியை நானே நொந்துகொண்டேன். கே.பி. சுந்தராம்பாள் எந்த ஊர்? நம் ரயிலில் ஏறினால் வருகிற கொடுமுடி. 1933ல் கணவர் கிட்டப்பா 27 வயதில் போன பிறகு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, இனி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தவர், 1935ல் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவருக்குக் கொடுத்தது ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஏழு வருஷம் கழித்து ஜெமினி அதே நந்தனாரை தண்டபாணி தேசிகரைப் போட்டு எடுத்தது. பாட்டுக்காக அதையும் ஜனம் கொண்டாடியது. அந்த அம்மாள் பாடிய வேஷத்தை இவர் எப்படித் தொடலாம் என்று அப்போதும் யாராவது முனகியிருப்பார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஔவையார் கதை. டி.கே. சண்முகம் ஆண்பிள்ளை, மேடையில் கிழவியாக வந்து வந்து, பேருக்கு முன்னால் 'அவ்வை' ஒட்டிக்கொண்டது. சென்னையில் லாயிட்ஸ் ரோட்டுக்கே அந்தப் பேர் வைத்தார்கள். அப்புறம் 1953ல் ஜெமினி வாசன் படம் எடுத்தபோது ஔவையாராக வந்தவர் சுந்தராம்பாள். படம் பார்த்தவர்களுக்கு இன்றும் ஔவை என்றால் அந்த அம்மாளின் முகம்தான். ஆனால் அவரை யாராவது அவ்வை சுந்தராம்பாள் என்று சொல்கிறார்களா? பட்டம் சண்முகத்திடமே நின்றுவிட்டது. வேஷம் மட்டும் நடந்து போயிற்று.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன். முதல் நாளே அந்தப் பெண் எங்களை அசத்திவிட்டாள். அண்ணனின் பாட்டுகளைப் போனில் கேட்டுக் கேட்டு அச்சு அசலாக இறக்கியிருந்தாள். அதே பிருகா, அதே இழுப்பு. கிழவன் வேஷத்தில் பேசுவதற்கு முன் அண்ணன் மூன்று தரம் இருமுவாரே, அந்த இருமல்கூட. உன் இடத்தில் இப்போது வாசிக்கிற தம்பி மிருதங்கத்தை விட்டுவிட்டுக் கை தட்டினான். எனக்கு மட்டும் ஏதோ இடறியது. இரண்டாம் தரம் பாடச் சொல்லிக் கேட்டபோதுதான் பிடிபட்டது. விருத்தத்தில் ஒரு சொல்லை நடுவில் வெட்டி மூச்சு வாங்கினாள். அது அண்ணன் கடைசிப் பத்து வருஷமாக மூச்சு வாங்குகிற இடம். நீ இருந்த காலத்தில் அந்த வரியை ஒரே மூச்சில் இழுத்து அடுத்த வரியில் கொண்டுபோய்ப் போடுவார். "அம்மா, அது சங்கீதம் இல்லை, வயசு" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியாதவள், கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்திருக்கிறாள்.

அன்று ராத்திரி யோசித்தேன். அண்ணன் பாடியதுதான் என்ன? அவரே சொல்லியிருக்கிறார்: தறிக்குழியில் உட்கார்ந்து ஸ்ரீவள்ளியில் முருகனாக நடித்த டி.ஆர். மகாலிங்கத்தின் இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு வந்த பாட்டு. அந்தத் தென்கரைக்காரரை ஜனம் தலையில் தூக்கி வைத்ததற்கு ஒரு காரணம், செங்கோட்டை கிட்டப்பாவை அவர் குரல் ஞாபகப்படுத்தியது. அதற்கும் முன்னால், மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று ஏறின சுருதி. நாம் அண்ணனுடையது என்று பொத்திப் பொத்தி வைத்ததில் எது அண்ணனுடையது என்று கேட்டால், அந்த இருமல் ஒன்றுதான் தேறும். இந்த நாடகத்தை எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் ஊருக்கு ஒரு ராஜபார்ட், ஆளுக்கு ஒரு மாதிரி பாடியிருப்பார்கள். இசைத்தட்டு வந்ததுதான் வினை என்பது என் கட்சி. நீ மறுப்பாய், எழுது.

இருமலை எடுத்துவிட்டோம். அதை எடுத்ததும் அந்த இடம் மொட்டையாகிவிட்டது. ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

அதற்கு நடுவில் அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டது தனிக் கதை. மேலே நல்ல வேளையாக ஒரு மழை பெய்து முடிந்து, காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மல்லிகைக் கடைக்குள் உட்கார்ந்த மாதிரி வாசனை. தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் இரண்டு தின்றார், ஊரில் எல்லாரையும் விசாரித்தார், முருகனை மட்டும் விசாரிக்கவில்லை. நானே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன சுருதி?" என்றார்.

"அஞ்சு கட்டை."

"நான் நாலு."

"ஆமாண்ணா."

"தேவாரம் படிச்ச பொண்ணுன்னா அடியில நிதானமா நிக்கும். மேலயே பறக்க விடாதே."

அவருடைய கிரீடத்தைக் கேட்டேன். ஜிகினா வைத்து அவரே செய்தது, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. "அது என் தலை அளவுக்குப் பண்ணினது. அவளுக்கு வேற பண்ணச் சொல்லு" என்றார். கொடுக்க மனமில்லாமல் சொன்னாரா, அக்கறையில் சொன்னாரா, இறங்கி வரும் வழியெல்லாம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. பட்டறையில் அவளே புதிதாக ஒன்று செய்துகொண்டாள். அண்ணனுடையதைவிடக் கனம் குறைவு. பார்வைக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மட்டம்தான்.

உத்திரத்தன்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. நாரதர் போய், பபூன் போய், வேடன் நுழைய வேண்டிய இடம். கூட்டம் கப்பென்று அடங்கியது. நான் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தேன். நாலு கட்டை. ஒரு மாதம் அஞ்சில் ஒத்திகை பார்த்தவன்தான். ஆனாலும் முப்பத்திரண்டு வருஷம் பழகின விரல், முருகன் என்றதும் அதன் இடத்துக்குப் போய்விட்டது. நாலும் அஞ்சும் பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டை. அவளுக்கு அந்தச் சுருதியில் கீழே பாட்டே நிற்காது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாடாமல், வேடன் குரலில், "ஏனப்பா பெட்டிக்காரா, நான் தேடி வந்த மான் இந்தப் பக்கம் இல்லை, அடுத்த காட்டுக்குப் போயிருக்கிறது போலிருக்கே" என்றாளே பார்க்கலாம்! கூட்டத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. அடுத்த கட்டைக்குப் போனேன். பாடினாள். அண்ணன் சொன்னபடி கீழே நின்று ஆரம்பித்தாள்.

கூட்டம் முதலில் முறைத்துக்கொண்டுதான் இருந்தது. பின்வரிசைப் பெரிசுகள் நான்கைந்து பேர் எழுந்தும் போனார்கள். கிழவன் காட்சியில்தான் திரும்பியது. தேனும் தினைமாவும் வாங்கித் தின்று கிழவனுக்கு விக்கல் எடுக்குமே, அங்கே அவள் விக்கினாள். வெறும் விக்கல் இல்லை, சுத்தமாகப் பஞ்சமத்தில் ஒரு விக்கல். ஒத்திகையில் இது கிடையாது. என் விரல் தானாக அதே பஞ்சமத்தைத் தொட்டது. அடுத்து மேல் சட்ஜத்தில் விக்கினாள். நானும் போனேன். மிருதங்கத் தம்பி சேர்ந்துகொண்டான். வள்ளி சொம்போடு நிற்கிறாள், தண்ணீர் கொடுக்க விட்டால்தானே? ஐந்து நிமிஷம் விக்கலிலேயே ஒரு கச்சேரி நடந்தது. முன்வரிசைப் பிள்ளைகளும் விக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஏற்காட்டிலிருந்து போன். யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். எடுத்தவுடன் அண்ணன், "நாலுல ஆரம்பிச்சியாமே?" என்றார். பேசாமல் இருந்தேன். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிரீடம் நன்றாயில்லை என்றார். போனை வைக்கப்போகிற நேரத்தில், "அந்த விக்கல்... எங்கிட்ட இத்தனை வருஷம் தோணலையே. பெட்டி பக்கத்துல இருக்கா? வாசி" என்றார்.

போனை ஆர்மோனியத்தின் மேல் வைத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் ஒரு தரம் இருமிவிட்டு, விக்கினார். இந்தத் தடவை விரல் நாலு கட்டைக்குப் போனதில் தப்பே இல்லை.

ஆடியில் குகை வண்டி வேடிக்கைக்காவது வந்துவிடு. மிருதங்கத் தம்பி நல்லவன், ஒரு நாள் விட்டுக்கொடுப்பான்.

உன்,
பெட்டிக்காரன்