எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதா முக்கியம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் மாட்டுத்தாவணி டீக்கடைகளில் கருத்துக்கணிப்பு களைகட்டிவிடுகிறது. பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, 'ஐயா, யாருக்கு ஓட்டு?' என்று ஒருவரிடம் மைக்கை நீட்டுகிறார்கள். பக்கத்தில் கட்சிக்காரர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மனிதர் வாயைத் திறக்கிறார். மறுநாள் அதுவே மதுரையின் நாடித்துடிப்பு ஆகிவிடுகிறது!

ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டோம் என்ற பெருமை வேறு. 1936-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று சுமார் 24 லட்சம் பேரின் பதிலைத் திரட்டி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவரோ 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். கார், தொலைபேசி வைத்திருந்த வசதியானவர்களிடமே பெரும்பாலும் கேட்டிருந்தார்கள். அவர்களிலும் ஆர்வமுள்ளவர்கள்தான் பதில் எழுதினார்கள்.

முறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தேர்தல் ஆய்வு அமைப்பான லோக்நிதியின் ஆய்வாளர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் தேர்ந்து, வீட்டுக்கே போய், மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் மருமகள் தன் விருப்பத்தைச் சொல்ல இது வழி. இதிலும் கணக்குத் தப்பலாம்தான்.

2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு பணத்தோடு சேர்த்தே பேசப்படும் திருமங்கலத்துக்காரன் நான். 'காசு வாங்கினீர்களா?' என்று முகத்துக்கு நேரே கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்? வாங்கியவரெல்லாம் கொடுத்தவருக்கே போட்டார் என்று எதை வைத்துச் சொல்வது?

கணிப்புகளை வெளியிடும்போது, யாரிடம், எங்கே, எப்படிக் கேட்டார்கள், செலவு யாருடையது என்பதையும் தங்கள் நாளிதழ் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

– வாசகர், திருமங்கலம்