ஒரு வளைவு குறையுது

எடின்பரோ, 12 நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. திட்டாதே. தீபாவளிக்கும் ரெண்டு நிமிஷத்துல போனை வெச்சுட்டேன். வேலை அப்படி.

இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. குளிர்ல லினோ கல்லா விறைச்சுப் போகுது. அதான், தரைக்கு விரிப்பாங்களே, ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து செய்யறது. சூடேறினாத்தான் படம் செதுக்க உளி இறங்கும். போர்வைக்குள்ள போட்டு மேலே உட்கார்ந்துக்குவேன், அடைகாக்கிற கோழியாட்டம். ஹீட்டர் எனக்கு ஒத்துக்கல, தலை வலிக்குது, அதனால போடறதில்லை. அச்சுக்கூடத்துக்கும் இப்ப அதிகம் போறதில்லை. நீ கொடுத்தனுப்பின மர அகப்பையால வீட்லயே, மசி தடவின லினோ மேல வெச்ச காகிதத்தைத் தேய்ச்சா மசி இன்னும் நல்லா ஏறுது. குழம்புக்கு வேற கரண்டி இருக்கு, கவலைப்படாதே. சிவப்பு மசி குழைக்கிறப்ப மட்டும் தட்டுவடை செட்டுக்குத் துருவின பீட்ரூட் ஞாபகம் வந்து பசிக்குது.

இப்ப ஏற்காட்டு மலைப்பாதையைச் செதுக்கியிருக்கேன். சில்வர் ஓக் மரத்துல ஏறின மிளகுக்கொடி, கோடை மழைக்கு அப்புறம் பூக்குற காப்பிப் பூ எல்லாம் உண்டு. செதுக்கின இடம் வெள்ளையா விழும். உளி நுனியால ஒரு கிள்ளு, ஒரு பூ. பாதைதான் படுத்திடுச்சு. அச்சுல இடது வலதாகிடும், மலையையே திருப்பி வெட்டணும்.

கீழ்வீட்டுத் தாத்தா பஸ் ஓட்டினவர். மாடிப்படியைக்கூட எண்ணிக்கிட்டுதான் ஏறுவார். தேய்க்கிற சத்தத்துக்குச் சண்டை போட வந்தவர், படத்தைப் பார்த்துட்டு எத்தனை வளைவுன்னார். 20ன்னேன். விரல் வெச்சு எண்ணி, 19தான்னார். மூணு தடவை எண்ணினோம்.

எதை விட்டேன்னு தெரியலம்மா. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு உன் மடியில கண்ணை மூடியே வருவேனே, அதுல ஒண்ணா இருக்கும். ராத்திரி பூரா படுத்துக்கிட்டே அடிவாரத்துலேர்ந்து ஏறிப் பார்த்தேன். உன் சேலை வாசம் வருது. வளைவு வரல.

சரி விடு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையை சித்தப்பா விக்கணும்னா விக்கட்டும், பத்திரத்தை அனுப்பச் சொல்லு, கையெழுத்துப் போடறேன். அப்பாவோட கொலுசு அச்சுகளை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. மாங்கா அச்சு ஓரம் உடைஞ்சிருக்கும், அதையும் எடுத்து வை. ஆயா கண் ஆபரேஷனைத் தை வரைக்கும் தள்ளலாமான்னு டாக்டரைக் கேளு, அதுக்குள்ள அனுப்பிடறேன்.

தம்பியை ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியில மலை ஏறச் சொல்லு. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு போட்டோ எடுக்கட்டும். பெட்ரோல் காசு அப்புறம் தர்றேன்.

உன் மகள்,
செல்வி