வலைக்காரர் தோட்டத்துக்கு மறுபடி போகிறாயாமே

அன்புள்ள சேகர்,

நலம். கடிதம் வந்தது. சிங்கப்பூரின் ஜூரோங் சீனத் தோட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு சீனாவின் சூசோ நகரத் தோட்டங்களுக்குப் போய், "சந்தும் பொந்தும், குவித்த கல்லும், இதற்கா இவ்வளவு பேர்?" என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். தப்பு உன்மேல் இல்லை. 1975இல் திறந்த ஜூரோங், பெய்ஜிங் அரண்மனைத் தோட்டங்களின் வழியில் வந்தது. சூசோவில் இருப்பவை, பதவியை விட்டு வந்த அதிகாரிகள் ஊருக்கு நடுவே மதிலுக்குள் அமைத்துக்கொண்டவை. ராஜாவுக்கு இடப்பஞ்சம் இல்லை, இவர்களுக்கு உண்டு. அவர்களுடைய வித்தை பெரும்பாலும் அந்தப் பஞ்சத்தில் பிறந்ததுதான்.

அடுத்த முறை வாங்ஷி யுவான் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார். பெயருக்கு 'வலைக்காரர் தோட்டம்' என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் ஷி ஜெங்ஜி என்ற அதிகாரி இங்கே வீடு கட்டி, தன் ஒதுங்கலை மீனவ வாழ்வாகச் சொல்லிக்கொண்டார். 18ஆம் நூற்றாண்டில் சொங் ஜோங்யுவான் அந்த நினைப்பிலேயே இந்தப் பெயரை வைத்தார். சீன இலக்கியத்தில் மீனவன் என்றால் அரசவையை உதறியவன். மீன் பிடிக்கத் தெரியாத ஆட்கள்தான், ஆனால் பெயர் பலகையே ஒரு ராஜினாமா கடிதம்!

வீட்டையும் சேர்த்து மொத்தமே ஒன்றேகால் ஏக்கர் சொச்சம். குளம் குறுக்கே ஏறத்தாழ 20 மீட்டர். ஆனாலும் கரையில் நின்றால் சிறிதாகத் தெரியாது. ஏன் என்று பார்: தென்கிழக்கு, வடமேற்கு மூலைகளில் தண்ணீர் குறுகி வளைந்து உள்ளே போகிறது, முடிவு கண்ணில் படாது. தென்கிழக்கு மூலைப் பாலத்தை மூன்று எட்டில் தாண்டிவிடலாம். பாலம் அவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் பக்கத்துக் குளம் பெரிதாகிறது. உயரமான கட்டடங்களைக் கரையிலிருந்து தள்ளி வைத்து, தாழ்ந்தவற்றைத் தண்ணீர் ஓரமாக விட்டிருக்கிறார்கள். இத்தனை சிறிய குளத்தில் தாமரையை மண்டவிட்டால் தண்ணீரில் விழும் வானம் மறைந்து, குளம் பாதியாகச் சுருங்கிவிடும்.

நீ 'குவித்த கல்' என்றது எனக்குக் கொஞ்சம் வலித்தது. தென்கரையில் இருக்கும் யுங்காங், கல்லை அடுக்கிக் கட்டிய செயற்கைக் குன்று, மஞ்சள் கல்லால் ஆனது. அந்தக் கல் கோணல்மாணலாக, பாளம் பாளமாக உடையும். தாய்ஹூ ஏரிக்கல் வேறு ரகம், தண்ணீர் அரித்துத் துளைத்த சுண்ணாம்புக்கல். அதற்கு நான்கு லட்சணம் சொல்வார்கள்: மெலிவு, சுருக்கம், உள்ளோடும் குழிவழி, ஊடுருவும் துளை. ஒரே குன்றில் இரண்டையும் கலந்தால் கெட்டது. கல்லின் வரியும் பக்கத்துக் கல்லோடு ஒரே திசையில் ஓடவேண்டும், இல்லையென்றால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். அடியில் மரமுளை அடித்து, மேலே பெருங்கல் பரப்பி, சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சி சேர்த்த கலவையால் மூட்டுவது பழைய முறை. முளை எப்போதும் ஈரத்துக்குள் கிடந்தால் கெடாது, நீர்மட்டம் ஏறி இறங்கினால்தான் உளுத்து, குன்று ஒரு பக்கமாக இறங்கும். வெளியே நீட்டி வைக்கும் கல்லுக்குப் பின்னால் அதைவிடக் கூடுதலான பாரம் வேண்டும். 1631இல் தோட்டக்கலை நூல் எழுதிய ஜி செங் என்பவரே இதை வற்புறுத்துகிறார். இந்தக் காலத்துப் பழுதுபார்ப்பில் அடிக்கடி நடக்கும் கூத்து, மூட்டில் சிமெண்டைப் பிதுங்கவிடுவது. குன்று செத்து, வெறும் சுவராகிவிடும்.

மேற்கே தியான்சுன் யீ என்ற சின்ன முற்றத்துக்கும் போ. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1981இல் திறந்த சீன முற்றத்துக்கு இதுதான் மாதிரி. சூசோ கைவினைஞர்களே போய்க் கட்டினார்கள். ஆனால் அது கண்ணாடிக் கூரையின் கீழ் இருக்கிறது, மழையே விழாது. இங்கே வெள்ளைச் சுவர் காகிதம், அதன் முன்னால் கல்லும் மூங்கிலும் மைக்கோடு. மழையில் சுவர் கறை பிடித்தால்தான் எனக்குப் பிடிக்கும், உனக்கு எப்படியோ.

அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், தேசிய விடுமுறைக் கூட்டத்தில் கல்லும் தெரியாது, குளமும் தெரியாது. யுங்காங் மூட்டுகளைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு