ஏரிமேல் படர்ந்த புகை

ஐயா,

ராக் இசை குறித்த உங்கள் ஞாயிறு கட்டுரையில் டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. கித்தார் கற்பவர்கள் பலரும் முதலில் தடவிப் பார்ப்பது அதன் தொடக்க மெட்டைத்தானே!

1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ சூதாட்ட விடுதியில் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரி. கூட்டத்தில் யாரோ தீச்சுடர்த் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, கட்டடமே எரிந்தது. அங்கே ஆல்பம் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழு, ஜெனீவா ஏரிமேல் படர்ந்த புகையைப் பார்த்து எழுதிய பாட்டு அது.

1989-ல் ஆர்மீனிய நிலநடுக்க நிவாரண நிதிக்காக டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன், குயின் குழுவின் கித்தார் கலைஞர் பிரையன் மே முதலானோர் அதை மறுபடி பதிவு செய்தார்கள். 1997-ல் மென்மையான பாப் பாட்டுகளுக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் பேட் பூன் பாடியதும் உண்டு. அதை ஒருமுறைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை, போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி